நாலு போர்ட்டும் ஒரு குழாயும்

வீட்டில் ஓர் உயிர் போகவிருந்த நேரத்தில் நான் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, டார்ச் லைட்டை அடித்து, ஓர் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. போகவிருந்தது அம்மாவின் உயிர்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். திருநெல்வேலியில், ஆற்றுக்குப் போகிற தெரு ஒன்றில், அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இடது கை மரத்துப்போகிறது என்று சொல்ல ஆரம்பித்தவர், அதே வாரத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சாய்ந்துவிட்டார். தங்கை கல்யாணமாகி அமெரிக்காவில் இருந்தாள். தலைப்பிரசவம். ஊருக்கு வந்து பெற்றுக்கொள்ளத்தான் எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. கடைசியில் விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக, ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு சின்னக் கேமராவைக் கொடுத்தனுப்பினாள். கம்ப்யூட்டரில் சொருகினால் அவள் முகம் எங்களுக்கும் எங்கள் முகம் அவளுக்கும் தெரியும். அவளிடமும் அதே போல ஒன்று இருந்தது.

அந்தக் கேமராவின் வால் நுனியில் இருந்தது, அப்போது புதிதாக வந்திருந்த யூ.எஸ்.பி. சொருகி. எங்கள் கம்ப்யூட்டரின் முதுகில் அதற்கென்று இரண்டு ஓட்டைகள் இருந்தன. வாங்கியதிலிருந்து யாரும் தொடாத ஓட்டைகள்.

முதல் நாள் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது, திரையில் ஜன்னலோரம் என் மூக்கு தெரிந்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்று, "எங்கலே அவ?" என்றாள். அவள் அந்தப் பக்கம் வரவேண்டும் அம்மா, இது நம்ம மூஞ்சி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் அணைந்தது. விளக்கும் அணைந்தது. பிடுங்கி மறுபடி சொருகினேன். ஒன்றுமில்லை.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் வட்டத்தில் ஆச்சரியக்குறி. இன்னதென்று தெரியாத சாதனம் என்றது. நீக்கிவிட்டு, அணைத்துப் போட்டேன். டிரைவர் சி.டி.யை மறுபடி ஏற்றினேன். கேபிளை ஆட்டினேன், வாயால் ஊதினேன். பக்கத்து ஓட்டையில் சொருகினேன். அங்கே இரண்டு நாள் வேலை செய்தது, அப்புறம் அதுவும் போயிற்று. போனது முழுக்கவும் போகாது. எல்லாவற்றையும் பிடுங்கிவைத்துவிட்டு மறுநாள் வந்தால் சில சமயம் உயிர் வந்திருக்கும். தங்கையோடு நேரம் பேசிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சரியாக அந்த நேரம் பார்த்துச் செத்துப்போகும்.

கம்ப்யூட்டரைக் கட்டிக்கொடுத்த அண்ணாச்சி வண்ணார்பேட்டையில் கடை வைத்திருந்தார். பெட்டியை ஆட்டோவில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன். அங்கே சொருகினால் இரண்டாவது ஓட்டை ஜம்மென்று வேலை செய்தது. அரை மணி நேரம் கடைச்சுவரையும் அண்ணாச்சியின் வழுக்கையையும் படம் காட்டிக்கொண்டே இருந்தது.

"இங்கன நல்லாத்தான ஓடுது சார்வாள். உங்க வீட்டுல ஏதும் பேய் கீய் இருக்கா?" என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே ஒரு கார்டு மாட்டி, இன்னும் இரண்டு ஓட்டை வைத்துக்கொடுத்தார். ஆக நாலு. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே இரண்டாவது ஓட்டை நிரந்தரமாகக் கண்ணை மூடிவிட்டது.

அந்த வருஷக் கோடைக்கு அப்புறம் அந்தப் பெட்டிக்கு இன்னொரு குணமும் வந்திருந்தது. பின்பக்கத் தகட்டைத் தொட்டால் விரலில் கிர்ரென்று ஓர் அரிப்பு ஏறும். இதை அண்ணாச்சியிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். "எல்லா பெட்டியும் அப்படித்தான் சார்வாள், செருப்புப் போட்டு உக்காருங்க" என்றிருந்தார். எங்கள் வீட்டுக்குள் செருப்பு வராது. அதனால் சாப்பிட உட்காரும் மணைப் பலகையைக் காலுக்கு அடியில் போட்டுக்கொண்டேன். பலகையில் கால் இருந்தால் பெட்டி ஒன்றும் செய்யாது. அப்புறம் அந்த அரிப்பை நான் மறந்தும் போனேன்.

அம்மாவுக்கு அந்த மாதங்களில் என்ன ஆயிற்று என்று எனக்குப் பிடிபடவில்லை. ஓயாமல் கேமராவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் காபி கொடுக்கும்போது, "இன்னைக்குத் தெரியுமாலே?" சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுமுன், "சரியாயிட்டா?" மகள்மேல் ஆசை இருக்கும்தான். ஆனால் அம்மா அப்படி நச்சரிக்கிறவள் அல்ல. போனில் பேசிக்கொள்ளலாமே என்றால், "போன்ல மூஞ்சி தெரியுமா? ஒரு தடவ பாத்துட்டாப் போதும்லே எனக்கு" என்பாள். ஒரு தடவை, ஒரு தடவை என்று அவள் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளை பிறந்தால் தினமும் பார்க்கலாம், ஏன் பறக்கிறாய் என்றேன்.

வேறு சிலதும் நடந்தன. ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்தால், பீரோவைத் திறந்துபோட்டு, கூறைப்புடவையை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தாள். சாவி எங்கே இருக்கும், தங்கைக்கு வைத்த வளையல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்காமலே சொன்னாள். புறவாசல் குழாயடியில் பெரிய பாத்திரங்கள் தேய்க்காமல் கிடந்தன. குழாயைத் திறக்கும்போது முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு திறந்தாள். ஏன் என்றேன்.

"தண்ணி கடிக்குலே" என்றாள்.

குளிர்ந்திருக்கிறது என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் இடது கையை நீவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இ.சி.ஜி. எடுத்தார், இரத்தம் பார்த்தார். ஒன்றுமில்லை, நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அண்ணாச்சி கடையில் பெட்டி நல்லபடியாக ஓடியதைப் போலவே, டாக்டர் வீட்டில் அம்மாவும் நன்றாகத்தான் இருந்தாள்.

கேமராவை நான் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தேன். மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தது. அந்தக் கேமராவுக்குக் கழுத்து, கிளிப் எல்லாம் உலோகம். கம்பியில் கவ்வவிட்டால் வெளியே இருந்து வரும் வெளிச்சம் எங்கள் முகத்தில் விழும், தங்கைக்குத் தெளிவாகத் தெரியும். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று எனக்கே பெருமை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, வெளியே தூறிக்கொண்டிருக்க, நான் பலகைமேல் கால் வைத்து உட்கார்ந்து மூன்றாவது ஓட்டையில் சொருகினேன். விளக்கு எரிந்தது, படம் வந்தது. அமெரிக்காவில் இரவு, தங்கை காத்திருந்தாள். அவள் பெயருக்கு நேரே மணி அடிக்கிற சின்னப் படம் வந்த அந்தக் கணம், பெட்டியின் முதுகில் பட்டென்று ஒரு சத்தம். கருகிய வாடை. அதே நேரம் புறவாசலில் செம்புக்குடம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. இரண்டும் ஒன்றாகக் கேட்டன. எது முன், எது பின் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"என்னம்மா?" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

பிறகு, "ஒண்ணுமில்ல. பாசி வழுக்கிட்டு" என்றாள்.

நான் போய்ப் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. குழாய்க்குத் தண்ணீர் இழுக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயடியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, திரும்பி வந்து மூன்றாவது ஓட்டையை முகர்ந்து பார்த்தேன். மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இனி ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் ஆண்கள் யாரும் வீட்டில் குளிப்பதில்லை. ஆற்றுக்கு அஞ்சு நிமிஷ நடை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால், வரும்போது உடம்பும் ஊர்க்கதையும் சுத்தமாகிவிடும். காய்ச்சல் கண்டவன்தான் வீட்டில் குளிப்பான். புறவாசல் குழாய் பெண்களுடையது. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அங்கே. நான் அந்தக் குழாயைக் கையால் தொட்டு வருஷம் ஆகியிருக்கும்.

அந்த வாரம் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆறு காபி நிறத்தில், வாழைமரங்களை இழுத்துக்கொண்டு போனது. குறுக்குத்துறையில் படித்துறையைக் காணவில்லை, கோயிலைக் காணவில்லை, கோபுரத்தின் தலை மட்டும் தெரிந்தது. கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, குளிக்காமல் திரும்பினேன். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு, புறவாசலுக்குப் போய், ஈரத்தரையில் நின்று குழாயைத் திறந்தேன்.

தண்ணீர் கடித்தது.

விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டுவரை கிர்ரென்று ஏறியது. கையை உதறினேன். எனக்கு அந்த அரிப்பைத் தெரியும். பெட்டியின் முதுகில் இருந்த அதே அரிப்பு. பழைய ஆளை வேறு ஊரில் பார்த்தமாதிரி, ஒரு சந்தேகமும் இல்லாமல் அடையாளம் தெரிந்தது.

ஈரத்துண்டோடு உள்ளே ஓடி, கம்ப்யூட்டரின் சுவர் சுவிட்சை அணைத்தேன். திரும்பி வந்து தொட்டேன். குழாய் சும்மா இருந்தது. மறுபடி போய்ப் போட்டேன். கடித்தது. குழாயை விட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கம்ப்யூட்டர் இருக்கும் அறையிலிருந்து ஒரு பச்சை ஒயர் சுவரோடு வந்து, குழாய்த்தண்டில் நாலு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது. எர்த் ஒயர், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குவதற்கு. எங்கள் தெருவில் எர்த் என்றால் அதுதான். கிரைண்டர் வாங்கினாலும் பிரிட்ஜ் வாங்கினாலும், வந்து மாட்டுகிறவர் பச்சை ஒயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டுப் போவார். தெரு முழுக்க மண்ணுக்குள் ஓடும் இரும்புக் குழாய். அதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும்? தப்பும் சொல்ல முடியாது, இத்தனை காலம் அது வேலை செய்தது.

ஆனால் அந்தக் கோடையில் தெருவைத் தோண்டி, துருப்பிடித்த இரும்பை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார்கள். துரு வாடை இல்லாமல் தண்ணீர் வருகிறதென்று தெருவே சந்தோஷப்பட்டது. வீட்டுக்குள் இருந்த இரும்பு மட்டும் அப்படியே இருந்தது, மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாமல். பெட்டியில் கசிகிற கரண்ட் போக இடமில்லாமல் குழாயில் வந்து நின்றது. நான் கேமராவை ஈரச்சுவரில் பதிந்த ஜன்னல் கம்பியில் கவ்வவிட்டபோது, போக்கிடம் தேடிய அது யூ.எஸ்.பி. ஓட்டை வழியாகக் கம்பிக்குப் பாய்ந்திருக்கிறது. ஓட்டைகள் செத்ததற்கும், கம்பியில் மாட்டாத அண்ணாச்சி கடையில் பெட்டி நன்றாக ஓடியதற்கும் அதுதான் காரணம். நான் அதை ரிப்பேர் பார்க்க உட்கார்ந்த நேரமெல்லாம் புறவாசலில் அம்மாவுக்குக் கை மரத்திருக்கிறது.

குழாய்த்தண்டை இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தேன். அங்கே இன்னொரு பச்சை ஒயர் சுற்றியிருந்தது. அது மோட்டாரிலிருந்து வந்தது. மோட்டாரின் தகர மூடி பெயர்ந்து, மழைத்தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி நின்னுட்டாலே? இரி, மோட்டாரப் போடுதேன்" என்று அம்மா அடுக்களை வாசலில் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"போடாத" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது.

"ஏன்லே இப்படிக் கத்துத?"

அவளைக் காய்ந்த இடத்துக்குத் தள்ளி நிற்கச் சொன்னேன். கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்துவந்து, மணைப் பலகையைப் போட்டு அதன்மேல் நின்றேன். அதற்கு முன் கம்ப்யூட்டர் சுவிட்சை மறுபடி அணைத்திருந்தேன். இப்போது மோட்டாரைப் போடு என்றேன். மோட்டார் உறுமியது. டெஸ்டரின் நுனியைக் குழாயில் வைத்தேன். அதன் சின்ன விளக்கு, பிளக் பாயிண்டில் எரிவதைப்போல முழுச் சிவப்பாக எரிந்தது. அம்மா தினமும் கைவைக்கிற குழாயில். செம்புக்குடம் விழுந்த அன்றைக்கும் இந்த மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று சைகை காட்டினேன்.

அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு, அணைந்துபோன டெஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பம், குழாய்தானா?" என்றாள்.

"என்னது குழாய்தானா?"

"கடிச்சது. அப்பம் என் கைக்கு ஒண்ணுமில்லியா?"

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவுக்கும் இந்தக் கைதாம்லே மரத்துச்சு. அன்னைக்கு என்னைத் தூக்கிப் போட்டுட்டுல்லா, பாசின்னு உங்கிட்டச் சொன்னேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சரி, எனக்கும் வந்துட்டுன்னு நெனச்சேன். புள்ளத்தாச்சிக்குத் தெரியக் கூடாதுல்லா, அதான் யாருட்டயும் சொல்லல. அவ மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம்னுதான் உன்னைப் போட்டு அரிச்சேன்."

கூறைப்புடவை, சாவி, வளையல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டைக்குள் வந்து விழுந்தன. மூன்று மாதமாக என் அம்மா, தான் செத்துக்கொண்டிருப்பதாக நினைத்து, சாவுக்கு எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, எனக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாததால் கட்டிங் பிளேயரை எடுத்து இரண்டு பச்சை ஒயர்களையும் வெட்டி எறிந்தேன்.

அதன்பின் தெருவில் வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டு அக்கா, "எங்க வீட்டுலயும் தண்ணி கடிக்கத்தான் செய்யுது. அத்தைக்கு வாதம்னு தைலம் போட்டுத் தேய்க்கோம்" என்றாள். மூலை வீட்டில் மருமகளுக்குத் திருநீறு போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். தெருவில் பாதிப் பெண்களுக்குக் கை மரத்துக்கொண்டிருந்தது. ஆண்கள் நாங்கள் எல்லாரும் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தோம்.

மோட்டாரைக் கழற்றி, உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்ற வைண்டிங்குக்குக் கொடுத்தோம். புறவாசலில் ஆழமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, முறையாக ஓர் எர்த் இறக்கினோம். எல்லாம் முடிந்து டெஸ்டரை வைத்துக் காட்டியும் அம்மா முந்தானையைச் சுற்றாமல் குழாயைத் தொடவில்லை. இரும்பு என்று எது இருந்தாலும், பீரோ கைப்பிடியைக்கூட, முதலில் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டாள்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு காலையில், மிச்சமிருந்த நாலாவது ஓட்டையில் கேமராவைச் சொருகினேன். இந்த முறை அதை ஜன்னல் கம்பியில் மாட்டவில்லை, மானிட்டர் தலைமேல் புத்தகங்களை அடுக்கி உட்காரவைத்தேன். படம் வந்தது. நின்று நின்று, கட்டம் கட்டமாக, தங்கையின் முகம் வந்தது. சத்தம் கிடையாது, அந்த நாளில் எங்கள் போன் லைன் அவ்வளவுதான் தாங்கும். எழுந்து நின்று வயிற்றைப் பக்கவாட்டில் காட்டினாள். மறுபடி உட்கார்ந்தாள்.

அம்மா வலதுகையை நீட்டி, திரையில் தெரிந்த மகள் முகத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணாடியைத் தொடப்போன இடத்தில் கை நின்றுவிட்டது.

"கடிக்குமாலே?" என்று கேட்டாள்.

கடிக்காது என்றேன். நானே கண்ணாடியில் கையை வைத்துக் காட்டினேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கையைக் கீழே போடவும் மனசில்லை, வைக்கவும் பயம். விரித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

அங்கே தங்கைக்கு, கேமராவுக்கு முன்னால் நீட்டிய அம்மாவின் கை மட்டும் தெரிந்திருக்கிறது. அவள் முகத்தில் என்னவோ மாறியது. நாற்காலியைப் பின்னால் தள்ளி, வயிறு மடங்காமல் சிரமப்பட்டு, அம்மா கைக்கு நேராகத் தலை குனிந்தாள். நடு வகிடு தெரிந்தது. குனிந்தவள் நிமிரவே இல்லை, காத்திருந்தாள்.

அம்மா ஒரு நிமிஷம் அந்த வகிட்டைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளங்கை முழுவதையும் கண்ணாடிமேல் வைத்தாள்.